ஐந்து ஹெட்செட்டும் ஓர் ‘உம்’மும்

அந்த லாண்டரிக்குள் நுழைந்ததும் வத்தி ஒரு கொட்டாவி விட்டான். தன் கொட்டாவி தனக்கே கேட்கவில்லை என்று பிற்பாடு அவன் பல இடங்களில் சொல்லியிருக்கிறான். நம்பலாம். துவைக்கிற மெஷின்கள் ஒரு பக்கம், பிழிகிற மெஷின்கள் இன்னொரு பக்கம், நடுவில் நீராவி இஸ்திரி மேஜைகள். அங்கே ஒருவரை ஒருவர் திட்டுவதென்றால்கூட சைகையில்தான் திட்ட வேண்டும். திட்டுவதற்கு விஷயம் நிறைய இருந்ததால் எல்லோர் கையும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வத்திக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஆள் ஒல்லி, தலை சட்டென்று பற்றிக்கொள்ளும். துப்பறிய வருவதற்கு முன் கல்யாணத் தரகராக இருந்தவன். அவன் சேர்த்துவைத்தவர்களில் பிரிந்துபோனவர்கள் அவனை மன்னித்துவிட்டார்கள். சேர்ந்து வாழ்கிறவர்கள்தான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நிதானத்திடம் வந்து ஒட்டிக்கொண்டான்.

நிதானம் என்பது துப்பறிகிறவரின் பட்டப்பெயர். வீடு தீப்பிடித்தால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே வருகிற ஆள்.

“அங்கேயே நில்லுங்க!” கேபினிலிருந்து முதலாளி கத்தினார். “வெள்ளைத் துணியில கை வைக்காதீங்க. உள்ள வந்து கதவைச் சாத்துங்க. சாத்தும்போது டமால்னு சாத்தாதீங்க.”

“வணக்கம்” என்றான் வத்தி.

“அதெல்லாம் அப்புறம். நான் உங்களைக் கண்டுபிடிக்கக் கூப்பிடலை. யாருன்னு நானே கண்டுபிடிச்சாச்சு. எல்லார் முன்னாடியும் ‘ஆமா, அவங்கதான்’னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான் வேலை.”

“சுலபமான வேலை. கிளி வாங்கியிருந்தா இன்னும் மலிவா முடிஞ்சிருக்கும்” என்றான் வத்தி.

முதலாளி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். லாண்டரியை விற்கப் போகிறார். இத்தனை மெஷினுக்கும் சுடுநீரும் நீராவியும் தருகிற பாய்லர் பின்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. முதலாளி வெளியே போயிருந்தபோது மெக்கானிக் வந்து பாய்லரைப் பார்த்துவிட்டுப் போய், மறுநாள் காலை போனில் சொன்னான். உடனே முதலாளி தன் கையாலேயே பின்பக்கம் முழுவதும் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அடுத்த நாள் லாண்டரியை வாங்க ஓர் ஆள் வந்தான். மாடியிலிருக்கும் வீட்டில் அவனுக்கு டீ கொடுத்துக் கீழே கூட்டி வந்தார். அவனோ எந்த மெஷினையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே பாய்லருக்குப் பின்னால் போய்விட்டான்.

“போய்?” என்றார் நிதானம்.

“குனிஞ்சு மூணாவது குழாய்க்குக் கீழ கார் சாவியால தட்டினான். சுரண்டினான். ஒண்ணும் இல்லை. முகத்தைச் சுளிச்சான். அப்புறம் பக்கத்துல, நாலாவதுக்குக் கீழ தட்டினான். ‘டொக்’குன்னு சத்தம் வந்தது. பெயிண்ட்டைச் சுரண்டிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான் பாருங்க, அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கொல்லலாம். வியாபாரம் போச்சு!”

“விரிசலை மறைச்சு விக்கப் பார்த்தது நீங்க. அதை எடுத்துச் சொன்னவங்க குற்றவாளி?”

“பின்னே? வீட்டு விஷயத்தை வெளியில சொல்லலாமா? நான் போன் பேசினது இந்த கேபின்ல. கதவு சாத்தியிருந்தது. இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கவுண்டர். கவுண்டர்ல உக்கார்ந்திருக்கறது எங்க அண்ணி. வேற சாட்சி வேணுமா? சாயங்காலத்துக்குள்ள அவங்க பெட்டியோட வெளியில இருக்கணும்.”

அண்ணி என்பது இறந்துபோன அண்ணனின் மனைவி. லாண்டரியை ஆரம்பித்தவர் அந்த அண்ணன். அவர் போன பிறகு மெஷின்கள் தம்பிக்கு வந்தன, கவுண்டர் நாற்காலியும் பின்கட்டில் ஓர் அறையும் அண்ணிக்கு மிஞ்சின. இப்போது அந்த இரண்டுக்கும் சாயங்காலம் வரைதான் ஆயுள்.

“பாய்லர் இப்ப ஓடுதா?” என்று கேட்டார் நிதானம்.

“ஓடாம? ஆஸ்பத்திரி போர்வையை எல்லாம் நீங்க துவைச்சுத் தருவீங்களா?”

அவர்கள் கவுண்டருக்குப் போனபோது அண்ணி தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு கறுப்பு ஹெட்செட். நிமிர்ந்து பார்த்தார், நாற்காலி காட்டவில்லை.

“என்னை வெளியேத்த வந்தவங்க நீங்கதானா?”

“நாங்க துப்பறிய வந்தவங்க அம்மா” என்றான் வத்தி.

“ரெண்டும் ஒண்ணுதான். கூலி கொடுக்கறது ஒரே ஆளுதானே?”

வத்தி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கூலி இன்னும் கைக்கு வரவில்லை.

“மெக்கானிக் போன் பண்ணினப்போ நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்றார் நிதானம்.

“ஆஸ்பத்திரி ஸ்டோர்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். உறை குறையுதுன்னு காது கிழியக் கத்தினான், இதோ இதுலதான்.” ஹெட்செட்டைத் தட்டினார். “ஒரு காதுல அவன். இன்னொரு காதைக் கவுண்டருக்காகத் திறந்து வச்சிருந்தேன். உங்க முதலாளி பேசினது கேட்டுச்சான்னு கேக்கணும், அதானே? கேட்டுச்சு. ‘உம்’னார். அப்புறமும் ‘உம்’னார். நடுவுல ‘ஹலோ, ஹலோ’ன்னு தொண்டை வத்தக் கத்தினார். கடைசியில மறுபடியும் ‘உம்’.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு மேல என்கிட்ட இல்லை. இருந்திருந்தா நானே வாசல்ல போர்டு எழுதி மாட்டியிருப்பேன். அந்தப் பாய்லர் பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் நான் வேலைக்குச் சேர்த்த பொண்ணுங்க.” ஒரு உறையை உதறி மடித்தார். “அடுத்து, ‘இந்த வயசுல எங்கே போவீங்க’ன்னு கேப்பீங்க. கேக்காதீங்க. பதில் இல்லை.”

நிதானம் கேபினுக்குத் திரும்பினார்.

“போன்ல நீங்க என்ன பேசினீங்க?”

“நானா? போன்ல நான் பேசவே மாட்டேன்” என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். “‘உம்’ மட்டும்தான். அரசாங்கம் கேக்கும், வரி ஆபீஸ் கேக்கும், பொண்டாட்டி கேக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை விடமாட்டேன்.”

“அப்போ பலகைக்கு அந்தப் பக்கம் போனது வெறும் ‘உம்’தான். அதை வச்சு விரிசல் எங்கேன்னு அண்ணி எப்படிச் சொல்லியிருப்பாங்க?”

“அவங்க கெட்டிக்காரி.”

“‘ஹலோ ஹலோ’ன்னு கத்தினீங்களாமே?”

“லைன் செத்துப்போச்சு. கட்டாகலை; சத்தம் மட்டும் போயிடுச்சு. போனைத் தொடையில நாலு தட்டு தட்டினேன். பயந்துக்கிட்டு வந்துடுச்சு.”

“வந்தப்புறம் மெக்கானிக் என்ன சொன்னார்?”

“‘மூணு இல்லை சார், நாலு’ன்னான். வேலை முடிய நாலு நாள் ஆகும்ங்கறான்னு நினைச்சு ‘உம்’னு சொல்லி வச்சுட்டேன்.”

“விரிசல் எங்கேன்னு சொன்னாரா?”

முதலாளி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

“விரிசல் எந்த இடம்னு தெரியாமலா பெயிண்ட் அடிச்சீங்க?” வத்தியின் முகம் மலர்ந்தது. “அதான் பின்பக்கம் பூரா அடிச்சீங்களா!”

“தெரியாம என்னய்யா? நான் முதலாளி! மெக்கானிக்கிட்ட போய் ‘எங்கே’ன்னு திரும்பக் கேக்கணுமா?”

மெக்கானிக்கின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மெக்கானிக் என்று அங்கே தென்பட்டவை இரண்டு பாதங்கள் மட்டும். மீதி ஆள் ஒரு ராட்சதத் தொட்டிக்கு அடியில் இருந்தார். பேட்டி முழுவதும் அந்தப் பாதங்களோடுதான் நடந்தது. அவை கோபக்காரப் பாதங்கள் என்று வத்தி இன்றைக்கும் சொல்வான்.

“யாரு?”

“லாண்டரி முதலாளி அனுப்பி வச்சார்” என்றான் வத்தி.

“அப்போ வந்த வழியே போங்க.”

“அவரை எங்களுக்கும் பிடிக்கலை.”

பாதங்கள் சற்று யோசித்தன. “சரி, கேளுங்க.”

“விரிசல் எங்கேன்னு போன்ல சொன்னீங்களா?” என்றார் நிதானம்.

“சொன்னேன். முதல்ல பின்பக்கம் விரிசல் இருக்குன்னேன். ‘உம்’னார். அப்புறம் பாய்லருக்குப் பின்னாடி மூணாவது குழாய்க்குக் கீழதான் விரிசல்னேன். சொல்லி வாயை மூடறதுக்குள்ள, அடடா மூணு இல்லையே நாலாவதாச்சேன்னு ஞாபகம் வந்தது. திருத்தலாம்னா அந்தப் பக்கம் ஏற்கெனவே என்னமோ ஆகியிருந்தது.”

“என்ன ஆச்சு?”

“அந்த ஆள் போன்ல வந்தா பின்னாடி எப்பவும் மெஷின் கத்திக்கிட்டே இருக்கும். விரிசல்னு சொல்லி அவர் ‘உம்’ போட்டதும் அத்தனையும் அடங்கிப்போச்சு. லாண்டரியைத் தூக்கிக் கொண்டுபோய் நடுக்காட்டுல வச்ச மாதிரி. அந்த அமைதியிலதான் மூணாவது குழாய்னு சொன்னேன். ‘கேக்குதா சார்’னேன். ‘உம்’ வரலை. கண்ணாடித் துண்டைத் துடைப்பத்தால கூட்டி அள்ளுற சத்தம் வந்தது. கிளிங், கிளிங்னு. கேபின்ல எதையோ போட்டு உடைச்சுட்டார்போலன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல மெஷின் சத்தமும் வந்தது, அவரோட ‘ஹலோ ஹலோ’வும் வந்தது. ‘மூணு இல்லை சார், நாலு’ன்னு திருத்தினேன்.”

“லாண்டரியை வாங்க வந்த ஆள்கிட்ட நீங்க எதுவும் சொன்னீங்களா?”

பாதங்கள் விறைத்தன. “நான் எதுக்குய்யா அவன்கிட்ட சொல்றேன்? சொல்றதா இருந்தா ஆய்வு அதிகாரிக்கில்ல சொல்வேன்! போய் முதல்ல அந்தப் பாய்லரை அணைக்கச் சொல்லுங்க. நானா இருந்தா அது பக்கத்துல நின்னு தும்மக்கூட மாட்டேன்.”

தெருவுக்கு வந்ததும் வத்தி பொரிந்தான். “அண்ணே, இவன்தான். விரிசல் இருக்கற இடம் தெரிஞ்ச ஒரே ஆள் இவன்தானே?”

“அதனாலதான் இவர் இல்லை.” நிதானம் நடந்துகொண்டே சொன்னார். “வாங்க வந்தவன் முதல்ல எங்கே தட்டினான்?”

“மூணாவதுக்குக் கீழ.”

“இவர் சொல்லியிருந்தா நேரா நாலாவதுல இல்ல தட்டியிருப்பான்? தப்பான குழாயைத் தட்டினான்னா, அவனுக்குச் சொன்னவங்க தப்பை மட்டும் கேட்டவங்க. திருத்தினது அவங்க காதுல விழலை. அந்தத் தப்பை மெக்கானிக் எப்போ சொன்னார்? முதலாளிக்கு லைன் செத்துக் கிடந்தப்போ. அந்தக் கொஞ்ச நேரம் மெக்கானிக் குரல் வேற யாரோ ஒருத்தர் காதுக்குப் போயிருக்கு.”

வத்தி நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரன் அவனை ஒரு கெட்ட வார்த்தையால் சுற்றிக்கொண்டு போனான்.

“அண்ணே! அண்ணி கழுத்துல ஒரு ஹெட்செட் பார்த்தோமே!”

“பார்த்தோம். அந்த மாதிரி எத்தனை இருக்குன்னு போய்க் கேப்போம்.”

“அஞ்சு” என்றார் முதலாளி. “கேபின்ல இருந்து நான் கத்தறது ஒருத்தனுக்கும் கேக்கலை. அதான் காதுக்குள்ளயே போய்க் கத்தலாம்னு வாங்கினேன். மொத்தமா எடுத்தா மலிவு. கவுண்டருக்கு ஒண்ணு, இஸ்திரிக்கு ஒண்ணு, வாஷிங்குக்கு ஒண்ணு, வேன் டிரைவருக்கு ஒண்ணு, மேல வீட்டுக்கு ஒண்ணு.”

“அவங்க கையில கொடுக்கறதுக்கு முன்னாடி?”

“கடைக்காரனை நம்பலாமா? அஞ்சையும் ஒவ்வொண்ணா என் போனோட சேர்த்துப் பேசிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்.”

“ஐயோ!” வத்தி தலையில் கை வைத்தான். “அஞ்சு பேருக்கும் முதல் புருஷன் நீங்கதானா?”

முதலாளி எழுந்தேவிட்டார். நிதானம் கையமர்த்தினார். வத்திக்கு இது சொந்தத் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகையால் அவனை நிறுத்த முடியவில்லை.

“கேளுங்க சார். புது ஹெட்செட்டோட பொத்தானை விடாம அழுத்திப் பிடிச்சா நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னும். வரன் பார்க்குதுன்னு அர்த்தம். போன்ல புளூடூத்தைத் திறந்து அதோட பேரைத் தொட்டா கல்யாணம் முடிஞ்சது. அதுக்கப்புறம் அழுத்திப் பிடிக்கவே வேண்டாம். ஆன் பண்ணினதும் கடைசியாக் கட்டினவன் எங்கேன்னு அதுவே தேடிப் போகும். அவன் செத்துட்டான், இல்லை ஊர்ல இல்லைன்னு வைங்க, பழைய ஆள் யாராவது பக்கத்துல இருக்கானான்னு பார்க்கும். இருந்தா போய் ஒட்டிக்கும். அந்த ஆள் பாதிப் பேச்சுல இருந்தாலும் சரி, பேச்சையே பிடுங்கிக்கிட்டுப் போயிடும்.”

“என் போன் ஏன் அதைச் சேர்த்துக்குது?”

“நீங்க புளூடூத்தை அணைக்கலை. எப்படி அணைக்கறதுன்னா, மேல இருந்து கீழ இழுத்து—”

“எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்!”

வத்தி ஓடிப்போய் அண்ணியின் ஹெட்செட்டை வாங்கி வந்தான். அவருடைய போனை அணைத்துவிட்டு ஹெட்செட்டை ஆன் செய்தான். நீலப் புள்ளி இரண்டு மூன்று தடவை தவித்தது. பிறகு காதுக்குள் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சேர்ந்துவிட்டேன் என்றது. முதலாளியின் போனில் ஹெட்செட் படம் முளைத்தது.

“பார்த்தீங்களா!” முதலாளி மேஜையில் அடித்தார். “அண்ணிதான்! நான்தான் சொன்னேனே!”

“அந்த நேரத்துல அவங்க ஸ்டோர்காரனோட சண்டையில இருந்தாங்க. அவங்க போன்லயே” என்றார் நிதானம். “மலிவுச் சரக்கு சார். ஒரு நேரத்துல ஒரு போனோடதான் இருக்கும். யாரோட போன் அப்போ உயிரோட இல்லையோ அவங்க ஹெட்செட்தான் உங்களைத் தேடி வந்திருக்கும். டிரைவர்?”

“அன்னிக்குக் காலையிலயே வேனோட போயிட்டான். நாலு தெரு தள்ளி.”

“அவ்வளவு தூரம் எட்டாது. வாஷிங்?”

வாஷிங்காரர் தன் ஹெட்செட்டைக் கொண்டுவந்து காட்டினார். கொடுத்த அன்றைக்கே போர்வைகளோடு சேர்ந்து துவைபட்டு, பிழியப்பட்டு, கறுப்பாக இருந்தது சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நல்ல வாசனையாக இருந்தது. பேசவில்லை.

“மேல வீட்டுல இருக்கறது?” என்றார் நிதானம்.

“அவளுக்கு எதுக்கு அது? இப்போ போனே இல்லை. உடைஞ்சு போச்சு” என்று முதலாளி வேறு பக்கம் திரும்பினார்.

வத்தி இதைக் காதில் வாங்கவில்லை. அவன் மண்டைக்குள் ஏற்கெனவே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பது இஸ்திரி! இரண்டே எட்டில் இஸ்திரி மேஜைக்குப் போய் நின்றான். அங்கே இஸ்திரி அக்கா நீராவிப் பெட்டியைப் போர்வைமேல் ஓட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தைத் தோற்கடிக்கிற குரல் அந்த லாண்டரியிலேயே அவருக்கு மட்டும்தான் உண்டு.

“அக்கா, அன்னிக்குக் காலையில உங்க போன் அணைஞ்சுதானே கிடந்தது? உண்மையைச் சொல்லிடுங்க!”

“என்னது?”

“போன்! அணைஞ்சு! ஹெட்செட்டுல! முதலாளி பேச்சை! கேட்டீங்க!”

இஸ்திரி அக்கா பெட்டியைத் தூக்கினார். அதன் அடியிலிருந்து நீராவி சீறியது. “அந்தாளு பேச்சை நான் காசு கொடுத்தாலும் கேக்கமாட்டேன். நான் பிறந்ததுல இருந்து இந்த மேஜைகிட்ட ஒரு நிமிஷம் சத்தம் நின்னதில்லை. இங்கே நின்னுக்கிட்டு ரகசியம் கேட்டேனாம்! உன் சட்டை கசங்கியிருக்கே, தேய்க்கட்டுமா? கழட்ட வேண்டாம், அப்படியே நில்லு!”

வத்தி பின்வாங்கும் வேகத்தில் ஒரு கூடைக்குள் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் விஷயம் இருந்தது. மெக்கானிக் காதில் விழுந்தது அமைதி. இந்தக் கூடத்தில் எந்த மூலையில் அமைதி இருக்கிறது? இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். நிதானம் எங்கே என்றும் பார்த்தான்.

நிதானம் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“எங்கேண்ணே போயிட்டீங்க? என்னைத் தேய்க்கப் பார்த்தாங்க!”

“தாகமா இருந்தது. தண்ணி கேக்கப் போனேன்.”

சாயங்காலம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாய்லர் மட்டும் பின்னால் புகைந்துகொண்டிருந்தது. இஸ்திரிப் பெண்களும் வாஷிங்காரரும் கவுண்டர் அருகே கூடினார்கள். முதலாளி பின்கட்டுக்குப் போய் ஒரு பழைய பெட்டியை இழுத்து வந்து வாசல்படியில் வைத்தார்.

“சொல்லுங்க” என்று நிதானத்திடம் அதட்டினார். “யாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொன்னதும் இவங்க கிளம்பலாம்.”

அண்ணி எழுந்து நின்றார். யாரையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“வத்தி, முதலாளிக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு” என்றார் நிதானம்.

“பக்கத்துலதானேண்ணே நிக்கறார்?”

“போடு.”

முதலாளியின் கையிலிருந்த போன் அடித்தது. அவர் அதை முறைத்தார். இரண்டாவது மணியில் தானாக நின்றது. அவர் விரல் அதன்மேல் படவே இல்லை.

“நான் எடுக்கலையே!”

வத்தியின் உள்ளங்கையில் இருந்த போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “ஹலோ.”

அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த குரல். முதலாளியின் மனைவி.

“நான்தான் சொன்னேன். வாங்க வந்தவருக்கு டீ கொடுக்கும்போது சொன்னேன், மூணாவது குழாய்க்குக் கீழ பாருங்கன்னு. கவுண்டர்ல இருக்கற அக்கா சொல்லலை. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஏய்!” முதலாளி தன் போனுக்குள் கர்ஜித்தார். “ஏய், என்னடி சொல்றே?”

“சார், உங்க குரல் அதுல போகாது” என்றான் வத்தி மெல்ல. “இப்போ அவங்க காதுல இருக்கறது நாங்கதான்.”

குரல் தொடர்ந்தது. “அன்னிக்குக் காலையில எங்க அம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். என்ன பேச்சு இவ்வளவு நேரம்னு போனைப் பிடுங்கிச் சுவத்துல அடிச்சார். நான் கண்ணாடியைக் கூட்டிக்கிட்டிருந்தேன். இந்த ஹெட்செட் கழுத்துல கிடந்தது. அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒருவேளை போனுக்கு உயிர் இருக்குமோன்னு. யாரோ ஒரு ஆம்பளை விரிசல் எங்கே இருக்குன்னு சொன்னார். பயந்து அணைச்சுட்டேன். அந்தப் பாய்லருக்கு நேர் மேலதான் நாங்க படுக்கறோம். கீழ அத்தனை பேர் நிக்கறாங்க. இவர் டப்பாவும் கையுமா பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தார்.”

அண்ணி வத்தியின் கையிலிருந்து போனை வாங்கினார்.

“ரெண்டு நாளா என்னைத் திருடி, துரோகின்னு இந்தாளு கத்தினது உனக்குக் கேட்டுதா?”

“கேட்டுதுக்கா.”

“வாயைத் திறக்கலை நீ.”

“உங்களைன்னா வீட்டை விட்டு அனுப்புவார்க்கா.” குரல் தேய்ந்தது. “என்னைன்னா... சுவத்துல அடிபடறது போன் மட்டும்தான்னு நினைக்கறீங்களா?”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

“அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே” என்றார் அண்ணி. “அதை அப்புறம் பேசிக்கலாம். இப்போ எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடு. நான் கூப்பிட்டா மட்டும் திற.”

போனை வத்தியிடம் திருப்பிக் கொடுத்தார். விறுவிறுவென்று பின்பக்கம் போய் பாய்லருக்குப் போகிற எரிபொருள் குழாயைத் திருகி மூடினார். திரும்பி வந்து வாசலில் இருந்த பெட்டியை எடுத்தார். வெளியே போகவில்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில் அதைக் குறுக்காக வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

வத்தி நிதானத்தின் காதருகே போனான். “முதல்லயே உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தண்ணி கேக்கப் போனப்போ அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் இவர் போன் அடிக்கும். பேசறதா இருந்தா அதுக்கு முன்னாடி ஹெட்செட்டை ஆன் பண்ணி வச்சு, பொத்தானை அழுத்துங்க. இல்லைன்னா அணைச்சே வச்சிருங்க, யாருன்னு கண்டுபிடிக்க முடியலைன்னு கீழ சொல்லிக்கறேன்னேன்.”

“நீங்க தோத்துட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?”

“அவங்க பேரை நான் சொல்றதைவிட, தோத்துட்டேன்னு சொல்லிக்கலாம்.”

முதலாளிக்கு இப்போதுதான் காலும் கையும் திரும்பி வந்தன. “யோவ்! உன்னை எதுக்குய்யா கூப்பிட்டேன்?”

“யார் சொன்னாங்கன்னு எல்லார் முன்னாடியும் தெரியணும்னீங்க” என்றார் நிதானம். “தெரிஞ்சாச்சு.”

முதலாளி படியை நோக்கி நடந்தார். அவர் கை முஷ்டியாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். “அண்ணி, வழி விடுங்க.”

“காலையில இருந்து என்னை வெளியே அனுப்பணும்னு குதிச்சீங்களே” என்றார் அண்ணி. “இதோ பெட்டியோடதான் இருக்கேன். அனுப்புங்க பார்க்கலாம்.”

“இது என் வீடு!”

“மேல இருக்கறது உங்க வீடு. படி எங்க வீட்டுக்காரர் கட்டினது.”

இஸ்திரி அக்கா வந்து அண்ணிக்கு மேல்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட அந்தப் படியை நிரப்பினார் என்பது சரி. அவருக்குப் பின்னால் இஸ்திரிப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறி, ஆளுக்கு ஒரு படியாக உட்கார்ந்துகொண்டார்கள். வாஷிங்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார், தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி.

முதலாளி வலது காலைத் தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கையகல இடத்தில் வைத்தார். இஸ்திரி அக்கா அந்தக் காலைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார். தெருவில் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அவர் காலை எடுத்துக்கொண்டார்.